ஒரு நிரல்மொழித் தளத்துக்கு எத்தனை வாசல்?

வட சென்னை கொடுங்கையூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. வாரத்தில் 2 நாள், சாயங்காலம் 7 மணிக்கு மேல், அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அங்கே புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். வருவது 11 பேர், லேப்டாப் 3. மிச்சப் பேர் கையில் போன்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ் வழியில் முடித்தவள், நான் சொன்ன நிரல்மொழியின் (புரோகிராமிங் லாங்குவேஜின்) அதிகாரப்பூர்வத் தளத்தைப் போனில் திறந்தாள். கட்டைவிரலால் கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள், மறுபடி கீழே தள்ளினாள். அப்புறம் போனை என் பக்கம் திருப்பி, "அண்ணா, இதுல நான் எதைத் தொடணும்?" என்றாள்.

எந்த மொழியின் தளம் என்பதை விட்டுவிடுவோம். அனேகமாக எல்லாத் தளங்களும் புதிதாக வருகிறவரை இந்தக் கேள்வியில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஆங்கிலம் அவளுக்குத் தட்டுத்தடுமாறியாவது புரியும். அங்கே இருப்பதில் எது தனக்கானது என்பதுதான் பிடிபடவில்லை.

தளத்தைக் கட்டியவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வருகிற கூட்டம் அப்படிப்பட்டது. புரோகிராமிங் என்றால் என்னவென்றே தெரியாதவர் வருவார். சி மொழியும் ஜாவாவும் தெரிந்து, இதில் என்ன புதுசு என்று எட்டிப்பார்க்க ஒருவர் வருவார். 10 வருஷமாக இதிலேயே சோறு தின்பவர், ஒரு ஃபங்ஷனுக்கு (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையை முடித்துத் தரும் நிரல்துண்டு) எத்தனை ஆர்க்யுமென்ட், அதாவது உள்ளீடு, என்று மட்டும் பார்த்துவிட்டு 20 நொடியில் கிளம்பிவிடுவார். கம்பெனியின் அடுத்த ப்ராஜெக்டை இந்த மொழியில் எழுதலாமா என்று முடிவெடுக்க வேண்டிய மேனேஜர், எழுதிய நிரலை கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரிலேயே கைவைத்துப் பிழை திருத்த வந்தவர், பாடம் நடத்துகிறவர், நன்கொடை கொடுக்க நினைப்பவர் என்று இன்னும் பலர். இத்தனை பேரும் ஒரே முகவரியைத்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

முகப்புப் பக்கத்தில் இடமோ கொஞ்சம். போனில் பார்த்தால் ஒரு உள்ளங்கை. அதில் யாரை முதலில் உட்கார வைப்பது என்பதுதான் சண்டையே.

ரஸ்ட் மொழியில் அந்தச் சண்டை எல்லோரும் பார்க்க வெளிப்படையாகவே நடந்தது. 2006-இல் கிரேடன் ஹோர் என்பவர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கிய மொழி அது. பிறகு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா ஆதரித்தது. 2015 மே மாதம் 1.0 பதிப்பு வந்தது. அந்த நாட்களில் தளத்தின் முதல் வரி சொன்னது இதுதான்: இது சிஸ்டம்ஸ் மொழி (இயங்குதளம் மாதிரி அடிமட்ட மென்பொருள் எழுத), அசுர வேகத்தில் ஓடும், செக்ஃபால்ட் வராமல் தடுக்கும், த்ரெட் பாதுகாப்புக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பதற்கு) உத்தரவாதம் உண்டு. கூடவே, அங்கேயே ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன நிரல்.

செக்ஃபால்ட் என்றால், தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் நிரல் கைவைத்ததும் இயங்குதளம் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது. சி, சி++ எழுதி ராத்திரி 2 மணிக்கு அதைத் தேடிக் கண் எரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும், உடனே டவுன்லோடை அழுத்துவார். அதே வரி எங்கள் மாடி வகுப்புப் பிள்ளைகளுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்த ஆளுக்கும் அதே கதிதான். அவர் செக்ஃபால்ட்டைப் பார்த்ததே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

2018 டிசம்பரில் ரஸ்ட் தளம் முழுக்க மாறியது. நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்ட வலு தரும் மொழி என்ற பொருளில் புது முதல் வரி. முகப்பில் இருந்த நிரல் போய்விட்டது. அந்த இடத்தில் வேகம், நம்பகத்தன்மை, உற்பத்தித்திறன் என்று 3 காரணங்கள். அதற்குக் கீழே 4 வேலைகள்: கமாண்ட் லைன் (கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் கருவிகள்), வெப்அசெம்ப்ளி (பிரவுசருக்குள் வேகமாக ஓடுபவை), நெட்வொர்க்கிங், எம்பெடட் (சின்னக் கருவிகளுக்குள் ஓடுபவை). இன்னும் கீழே, ரஸ்ட்டை நிஜ உபயோகத்தில் வைத்திருக்கும் நிறுவனங்கள். பழைய ஆட்களில் பலர் கொதித்துப்போனார்கள். நிரல்மொழியின் தளத்தில் நிரலே இல்லை என்றால் அது என்ன தளம், மார்க்கெட்டிங் நோட்டீஸ் மாதிரி ஆகிவிட்டதே என்று.

அவர்கள் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. வேறு மொழி தெரிந்து எட்டிப்பார்க்க வருகிறவருக்கு 10 வரி நிரல்தான் சாம்பார் வாசனை. அதை முகர்ந்து பார்த்தே உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த முகப்புக்குத் தினமும் போகிறவர்கள்? ரஸ்ட்டில் வேலை செய்கிறவர் நேராக லைப்ரரி (தயாராக எழுதி வைத்த நிரல்தொகுப்பு) ஆவணத்துக்குப் போவார். அந்தப் பக்கம் அவர் பிரவுசரில் எப்போதும் திறந்தே கிடக்கும். முகப்பை உபயோகிக்காதவர்கள்தான் முகப்பைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். அதை நிஜமாகவே நம்பி வருகிறவர், புரியாவிட்டால் பேசாமல் டேபை மூடிவிட்டுப் போய்விடுகிறார். புகார்ப் பெட்டியில் அவர் சீட்டு எப்போதும் விழாது. எந்த மொழியின் தளக்குழுவுக்கும் இதுதான் பெரிய பொறி: காதில் விழுகிற குரல்களுக்குத் தகுந்தபடி முகப்பை மாற்றிக்கொண்டே போனால், அது மெதுவாக உள்ளே இருப்பவர்களின் வரவேற்பறையாகிவிடும்.

ரஸ்ட்டின் புதுத் தளத்தில் எனக்குப் பிடித்தது அந்த 4 வேலைகள் பிரிவுதான். நீ யார் என்று கேட்காமல், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறது. முதல் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். கல்லூரியில் 2 வருஷம் டர்போ சி-யின் நீலத்திரையில் எழுதியவர் புதியவரா, தெரிந்தவரா? அவருக்கே தெரியாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்று "அரைக் கிலோ சங்கரா குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தர் திரும்பிப் பார்க்கமாட்டார். அங்கே கணக்கு கூடையில். கொஞ்சம் தள்ளி வந்தால் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள். அவர்களையும் தாண்டினால் கட்டையும் கத்தியுமாக மீன் வெட்டித் தருகிறவர்கள். ஒரே கடல், ஒரே மீன். போர்டு எதுவும் கிடையாது, ஆனால் எங்கே நின்றால் என்ன கிடைக்கும் என்பதை இடமே சொல்லிவிடும். சனிக்கிழமை ஓட்டலுக்காக ஏலத்தில் கூடை எடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காக ஒரு கூறு நண்டு வாங்க வருவார். அப்போது அவர் நிற்கவேண்டிய இடம் வேறு. அன்றைக்கு அவருக்கு என்ன வேண்டும் என்பதை வைத்துத்தான் சந்தை பிரிந்திருக்கிறது. ஆளை வைத்து அல்ல.

நானே அப்படித்தான். பகலில் ஆபீஸில் ரெஃபரன்ஸ், அதாவது மொழியின் முழு விவரக் கையேடு, பார்க்கப் போவேன். சாயங்காலம் பாடத்துக்கு எளிமையான உதாரணம் தேடி அதே தளத்துக்குப் போவேன். ஒருமுறை மேலதிகாரி ஒரு புது மொழியைச் சொல்லி "நமக்கு ஒத்துவருமா பாருங்க" என்றபோது, யார் யார் உபயோகிக்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு ஆதரவு தருவார்கள் என்று தேடினேன். மூன்று முறையும் ஒரே ஆள்தான்.

இதைக் கவனிக்காமல் ஆளுக்கு ஒரு தளம் என்று பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு கோ மொழி ஒரு உதாரணம். கூகுளிலிருந்து 2009 நவம்பரில் வெளியானது. அதன் தளம் டவுன்லோடும் ஆவணமுமாக, புரோகிராமருக்கே உரிய வறட்சியோடு இருந்தது. சரியாக 10 வருஷம் கழித்து, 2019 நவம்பரில், கோ.டெவ் என்று இரண்டாவது தளம் திறந்தார்கள். கம்பெனிகள் கோ-வை ஏன் எடுக்கின்றன, எங்கே கற்பது, எந்தப் பேக்கேஜ் (பிறர் எழுதிப் பகிர்ந்த நிரல்தொகுப்பு) எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அங்கே. டவுன்லோடும் ஆவணமும் பழைய இடத்திலேயே. இரண்டு வருஷம்கூட அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 2021-இல் பழைய தளத்தைப் புதிய முகவரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கோ ஏன் என்று ஒரு தளத்தில் படித்துச் சம்மதித்த ஆள், அடுத்த நிமிஷமே டவுன்லோடுக்கு இன்னொரு தளத்தைத் தேடவேண்டும் என்றால் எப்படி?

ஜாவாவில் இன்னும் சிக்கல். மொழியின் பெயரோடு டாட் காம் சேர்த்து அடித்தால் வருவது, ஜாவாவில் எழுதிய நிரலை ஓட்டுகிறவர்களுக்கான தளம். அங்கே கிடைப்பது ஓட்டும் கருவி மட்டும், கம்பைலர் அதில் வராது. நிரல் எழுத வேண்டுமானால் கம்பைலரும் சேர்ந்த ஜேடிகே என்ற தொகுப்பு வேண்டும், அது ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனத்தின் வேறு பக்கத்தில். கற்கிறவர்களுக்கும் டெவலப்பர்களுக்கும் என்று 2021-இல் தனியாக ஒரு தளம் வந்தது. மொழியையே கட்டுகிறவர்களுக்கு ஓப்பன்ஜேடிகே என்ற தளம். நான்கு வாசல், நான்கும் நான்கு தெருவில். ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. முதல் தளத்துக்கு ஒரு காலத்தில் காரணமும் இருந்தது: பிரவுசரில் ஜாவா ஆப்லெட் (இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல்) ஓடிய நாட்களில், ஜாவா என்ற பெயரைத் தேடி வந்த சாதாரண ஜனங்கள் ஏராளம். அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது, வாசல் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. முதல் வருஷ மாணவர் தன் ஊகத்தில் அடிக்கும் முகவரியோ அதுதான்.

இவ்வளவும் முகப்பைப் பற்றி. உண்மையில் பாதிப் பேர் முகப்புக்கே வருவதில்லை. பிழைச் செய்தியைக் காப்பி பண்ணி கூகுளில் போட்டு, கூரையைப் பிரித்துக்கொண்டு நடுவீட்டில் குதிக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் குதித்தாலும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவேண்டும். பைதான் இதற்குக் கொடுத்த விலை அதிகம். 2008 டிசம்பரில் பைதான் 3 வந்தது. பைதான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். நடுவில் 11 வருஷம் இரண்டு பதிப்பும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. பழைய பதிப்பில், திரையில் எழுத்தைக் காட்டும் பிரிண்ட் என்பதற்கு அடைப்புக்குறி தேவையில்லை, புதியதில் கட்டாயம். தேடலில் கிடைத்த பழைய பக்கத்தைப் பார்த்து எழுதினால், மாணவரின் முதல் வரியே பிழை. ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பதிப்பு எண்ணும், அதை மாற்றும் வசதியும் இருப்பது வெறும் அலங்காரம் கிடையாது.

தினசரி உபயோகிப்பவரை மிக நன்றாகப் புரிந்துகொண்டது, யாரும் பாராட்டாத பிஎச்பி என்ற மொழி. தளத்தின் முகவரியை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, ஃபங்ஷனின் பெயரை எழுதினால் போதும், நேராக அந்த ஃபங்ஷனின் கையேட்டுப் பக்கம் திறக்கும். மெனு வேண்டாம், தேடல் வேண்டாம். 20 நொடி ஆளுக்கு 20 நொடிக்கான வாசல். பிஎச்பியைக் கிண்டல் செய்யும் நவீன மொழிகள் பலவற்றிடம் இது கிடையாது.

அடுத்தது மெனுவில் இருக்கும் வார்த்தைகள். டுடோரியல், கைட், மேனுவல், ரெஃபரன்ஸ், புக், டாக்ஸ், லேர்ன். எழுதியவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாமே நோட்ஸ். "அந்த சைட்ல நோட்ஸ் நிறைய கீதுண்ணா, எதைப் படிக்கறது?" என்று கேட்பார்கள்.

இந்தக் குழப்பத்தை அழகாகப் பிரித்துக் காட்டியவர் டானியேல் ப்ரோசிடா. அவருடைய டயாடாக்ஸிஸ் முறைப்படி ஆவணம் 4 வகை. கேரம் ஆடுகிற ஊர் என்பதால் நான் வகுப்பில் அதை வைத்துத்தான் சொல்வேன். கோச் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ட்ரைக்கரை இப்படி வை, இந்தக் காயைத் தட்டு என்று கையைப் பிடித்து ஆட வைப்பது ஒன்று, டுடோரியல். ஃப்ரேமில் ஒட்டிக்கிடக்கும் காயை எப்படி எடுப்பது என்று ஏற்கெனவே ஆடுகிறவருக்குச் சொல்வது இன்னொன்று, செய்முறை வழிகாட்டி. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1 என்பது விதிப்புத்தகம், அதாவது ரெஃபரன்ஸ். பவுடர் போட்டால் காய் ஏன் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது விளக்கம். முதல் நாள் வந்த பையன் கையில் விதிப்புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான். போட்டியில் தகராறு வரும்போது கோச்சின் பொறுமையான பாடம் நடுவருக்கு உதவாது.

பெயர்ப்பலகையும் உள்ளே இருக்கும் சரக்கும் பொருந்தாத இடங்களும் உண்டு. பைதானின் டுடோரியல் பிரமாதமானது, ஆனால் அதன் முதல் அத்தியாயமே சி++, ஜாவா, ஷெல் ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு பைதானை ஒப்பிட்டுத்தான் தொடங்குகிறது. புரோகிராமருக்கு எழுதிய டுடோரியல் அது. இது தெரிந்தோ என்னவோ, பைதான் தளத்தின் தொடக்கப் பக்கம் எடுத்த எடுப்பில் வாசகரிடம் ஒரு கேள்வி கேட்கிறது: புரோகிராமிங்குக்கே புதியவரா? வேறு மொழி தெரிந்தவருக்கு ஒரு பட்டியல், தெரியாதவருக்கு வேறு பட்டியல். தளம் மொத்தத்திலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அது முகப்பிலேயே இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

மேனேஜருக்கான வாசலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவன லோகோக்கள், வெற்றிக் கதைகள், ஆதரவுக் காலம் எல்லாம் ஒரு பக்கத்தில் இருந்தால் அவருக்குப் போதும். அவர் எப்படியும் கீழே இருக்கும் இன்ஜினியரைத்தான் கேட்கப்போகிறார்.

யார் கணக்கிலும் வராத ஒரு வருகையாளர் உண்டு. வகுப்புக்கு வரும் ஒரு பையனின் அப்பா, துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், ஒருநாள் மாடியேறி வந்து மூச்சுவாங்க நின்று கேட்டார்: "இதப் படிச்சா வேலை கெடைக்குமா தம்பி?" பைதான் தளத்தின் முகப்பில் வேலைவாய்ப்புக்கென்றே ஒரு கட்டம் இருப்பதை அவரிடம் காட்டினேன். முழுப் பதில் அது ஆகாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அந்தக் கட்டத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெற்றோரையும் ஆசிரியரையும் வெளிப்படையாகக் கணக்கில் எடுத்தது ஸ்க்ராட்ச். 2007-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து பொதுவெளிக்கு வந்த, கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் எழுதும் மொழி. அதன் தளத்தில் பெற்றோருக்கு ஒரு பக்கம், ஆசிரியருக்கு ஒரு பக்கம். குழந்தைகளுக்கான மொழி என்பதால் அது தோன்றியிருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் அப்பா அம்மா உண்டு என்பது மற்ற மொழிகளுக்குத் தோன்றவில்லை.

இனி நம் மொழி. ரூபி என்ற நிரல்மொழி ஜப்பானில் பிறந்தது. அதன் தளம் ஜப்பானியம், கொரியம், வியட்நாமியம், இந்தோனேசியம் என்று பல மொழிகளில் படிக்கக் கிடைக்கிறது. தமிழுக்கும் அப்படி வேண்டும் என்று ஆசைப்படலாம், ஆனால் முழு ரெஃபரன்ஸையும் மொழிபெயர்ப்பது நமக்கு இப்போதைக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறும் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டும். பின்தங்கிய மொழிபெயர்ப்பு, பைதான் 2 பக்கம் மாதிரி ஆளைக் கவிழ்த்துவிடும். தமிழில் தேவை அந்த முதல் உள்ளங்கை அளவுதான்: நீங்கள் எதற்காக வந்தீர்கள், அதற்கு எங்கே போகவேண்டும்.

இன்னொன்றும் தேவை, ஒரு பாலம். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டில் பைதான். தமிழ் வழிப் புத்தகத்தில் ஃபங்ஷனுக்குச் செயற்கூறு, மதிப்பைப் போட்டுவைக்கும் வேரியபிளுக்கு மாறி. எங்கள் பெண்ணுக்குச் செயற்கூறு நன்றாகவே தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். அதிகாரப்பூர்வத் தளத்தின் ஆங்கிலப் பக்கத்தில் அதே விஷயத்தைப் பார்த்தபோது, தனக்குத் தெரியாத ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். அவள் புதியவர் பட்டியலிலும் சேரமாட்டாள், தெரிந்தவர் பட்டியலிலும் சேரமாட்டாள். முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே ஆன எழில் என்ற நிரல்மொழியில் 'பதிப்பி' என்று எழுதிக் காட்டியபோது, "இது பிரிண்ட் தானேண்ணா?" என்று உடனே பிடித்துக்கொண்டாள். ஆக, பாலம் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் வேலை செய்கிறது.

தளத்தை மாற்றுவது என் கையில் இல்லை. அதனால் ஒரு சார்ட் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால் 4 கேள்வி எழுதி மாடி அறைச் சுவரில் ஒட்டினேன். முதல் முறையாக நிரல் எழுதப்போகிறீர்களா? எழுதியது பிழை காட்டுகிறதா? ஒரு ஃபங்ஷன் என்ன செய்யும் என்று பார்க்கவேண்டுமா? வேறு மொழி தெரிந்து வந்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் எதிரே, தளத்தில் எந்த இடத்தைத் தொடவேண்டும் என்று அம்புக்குறி. எல்லாப் பிரிவும் வந்துவிட்டது என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்தான்.

அடுத்த வியாழக்கிழமை போனபோது அடியில் பச்சை மையில் ஐந்தாவது வரி இருந்தது. அந்தப் பெண்ணின் கையெழுத்து: "லேப்டாப் இல்லை, போன்லயே ஓட்டணும்னா?" அம்புக்குறிக்கு எதிரே இடம் விட்டிருந்தாள்.